கடைசி ஆளுக்கும் பின்னால்

முப்பத்தைந்து வயதில் 'ரிட்டையர்டு' என்று சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்துக்கொள்கிறேன். ஆனால் உண்மை அதுதான். விமானம் கீழே இறங்கும்போதெல்லாம் என் இடது காதுக்குள் யாரோ குண்டூசியை வைத்துத் திருகுவது போல வலிக்க ஆரம்பித்தது. காது டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே பறக்காதீங்கம்மா. எங்க போறதுன்னாலும் பஸ்ல போங்க" என்றார். பஸ் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பயந்துபோய் வலது காதையும் ஒரு தடவை பார்த்தார். பஸ்ஸில் என்ன சிரிப்பு என்று பிறகு சொல்கிறேன்.

மதுரையில் நான் வேலை பார்த்த டிராவல்ஸ் ஆபீஸில் இப்போது பயணிகளின் போனுக்கே எல்லாம் வந்துவிடுகிறது. எங்கே திரும்புவது, எங்கே நின்று படம் எடுப்பது, எத்தனை மணிக்கு பஸ், எல்லாவற்றையும் ஒரு பெண் குரல் தமிழில் சொல்கிறது. புதிதாகச் சேர்ந்த ஹரிணி என்னை வழியனுப்பிய அன்று கேட்டாள்: "அக்கா, அப்ப டூர் மேனேஜர்னு ஒருத்தர் கூடப் போய் என்னதான் செய்வீங்க?"

"நடப்போம்" என்றேன்.

"அது எல்லாரும்தானே நடப்பாங்க?"

அவளுக்கு நின்றபடி பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

மதுரைக்கு வெளியே பரவையைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். இப்போது சொந்தமாக ஒரு துண்டு நிலத்தில் மல்லிகை போட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். முதன்முதலில் காலேஜ் போனவள், முதன்முதலில் பாஸ்போர்ட் எடுத்தவள், முதன்முதலில் விமானத்தில் ஏறியவள், ஏறிய கையோடு பக்கத்து சீட்டுக்காரர் மேல் வாந்தி எடுத்தவள், எல்லாம் நானே. இந்தப் பட்டியலில் எதையும் யாருக்கும் விட்டுத் தர மாட்டேன்.

சுற்றுலாப் பட்டம் வாங்கி, விசா கவுன்ட்டரில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் போட்டோ அளவு சொல்லி, பிறகு சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் உதவியாளாகப் போய் வந்து, வேலையைக் கற்றுக்கொண்டேன். அதையெல்லாம் விரித்துச் சொல்ல ஒன்றும் இல்லை. கற்றுக் கொடுத்தவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் முதலாளி நாயகம் சார். சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. கோபம் வந்தால் அவர் கேட்கும் ஒரே கேள்வி, "சாப்பிட்டியாம்மா?" ஆபீஸில் இந்தக் கேள்வியைக் கேட்டால் எல்லோரும் செய்த தப்பைத் தேட ஆரம்பிப்போம். 'சாப்பிட்டேன் சார்' என்றால், "நல்லது, அப்ப நிதானமாப் பேசலாம், உட்காரு" என்பார். 'இல்லை சார்' என்றால், "சாப்பிட்டு வா, நிதானமாப் பேசலாம்" என்பார். எப்படியும் அந்த நிதானத்திலிருந்து தப்பிக்க முடியாது.

அவர் சொல்லிக் கொடுத்த முறைகளில் முதலாவது, டூர் மேனேஜர் முன்னால் நடக்கக் கூடாது. கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போவதற்கு அந்த ஊர் கைடு இருக்கிறார். நம் இடம் கடைசி. கடைசி ஆள் யாரோ, அவருக்கும் பின்னால். பஸ்ஸில் கடைசியாக ஏற வேண்டும், ஓட்டலில் கடைசியாகச் சாப்பிட வேண்டும், கழிப்பறை வாசலில் கடைசி ஆள் வெளியே வரும்வரை நிற்க வேண்டும். "முன்னாடி போறவுகளுக்கு வழி தெரியும். பின்னாடி தங்குறவுகளுக்குத்தான் மூட்டு வலி, மனசு வலி, பொண்டாட்டியோட சண்டை, எல்லாம் இருக்கும். நம்ம வேலை அவுககிட்ட" என்பார். எத்தனையோ நாட்டு அரண்மனைகளை நான் மற்றவர்களின் முதுகுக்குப் பின்னால் இருந்துதான் பார்த்திருக்கிறேன். யாருடைய சட்டையில் எந்த இடத்தில் தையல் விட்டிருக்கிறது என்று கேட்டால் இப்போதும் சொல்வேன்.

கிர்கிஸ்தானுக்குப் போகலாம் என்று சொன்னது நான்தான். எல்லோரும் அதே சிங்கப்பூர், அதே துபாய். படங்களில் அந்த நாட்டின் புல்வெளியையும் குதிரைகளையும் பார்த்துவிட்டு சாரை நச்சரித்தேன். நாட்டின் பெயரை அவர் நாலைந்து முறை சொல்லிப் பார்த்தார். வாயில் சரியாக உட்காரவில்லை. அந்த நேரம் பார்த்து செல்லூரிலிருந்து சௌந்தரபாண்டி அண்ணன் வந்தார். விசைத்தறி வைத்திருப்பவர். வருஷா வருஷம் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, சம்பந்தி என்று ஒரு பஸ் நிறைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஆபீஸ் மூலம் எங்காவது போவார். அவரிடம் பேசிப் பேசியே சம்மதிக்க வைத்தேன்.

சார் என்னைக் கூப்பிட்டுத் தனியாகச் சொன்னார். "முதல் தடவை நீ மட்டும் தனியாப் போற. அண்ணன் திரும்பி வந்து நல்லாருந்துச்சுன்னு சொன்னா அந்த நாடும் நம்ம ஆபீஸ்ல இருக்கும், நீயும் டூர்ல இருப்ப. இல்லேன்னா விசா கவுன்ட்டர்ல உன் நாற்காலி அப்படியேதான் இருக்கு."

போகிற வழியெல்லாம் அந்த நாற்காலியும் என்னோடு வந்தது.

பிஷ்கெக் தலைநகரம். நூல் பிடித்தது போலத் தெருக்கள், இரண்டு பக்கமும் மரங்கள், மர வேர்களுக்குத் தண்ணீர் ஓடும் சின்ன வாய்க்கால்கள், எந்தத் தெருவின் முனையில் நின்று தெற்கே பார்த்தாலும் பனி மூடிய மலை. நான் சொக்கிப்போனேன். சௌந்தரபாண்டி அண்ணன் மலையை ஒரு தடவை பார்த்தார்.

"ஏம்மா பாண்டீஸு, பெரிய கட்டடம் எதுவும் இல்லையா?"

"மலை இருக்குண்ணே" என்றேன்.

"மலை நமக்கு யானைமலையே இருக்கே தாயி."

சந்தைக்குக் கூட்டிப் போனேன். தட்டு அளவுக்கு வட்ட ரொட்டிகள், நடுவில் பூ அச்சு. மலை மலையாக உலர்ந்த பழங்கள். அண்ணனின் மனைவி ராஜாமணி அக்காவுக்கு மட்டும் கொண்டாட்டம். பேரம் பேச மொழி எதற்கு? ஒரு பாட்டியம்மாவிடம் தமிழிலேயே பேசி, அந்தம்மாள் கிர்கிஸ் மொழியிலேயே திட்ட, இரண்டு பேரும் கடைசியில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வெள்ளை வெள்ளையாக இருந்த உருண்டைகளை வாங்கி ஒன்றை வாயில் போட்ட அக்கா, "ஆத்தாடி! தயிரைக் காயவச்சு உருட்டிருக்காக! மோர் மொளகாயில மொளகாயை மட்டும் எடுத்துட்ட மாதிரி இருக்கு!" என்று எல்லோர் வாயிலும் ஒன்று திணித்தார். அண்ணன் துப்பிவிட்டார். "சிங்கப்பூர்ல இந்தக் கொடுமை இல்ல" என்றார். விசா கவுன்ட்டர் நாற்காலி எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ சோன்குல் ஏரிக்குப் போனோம். கொடைக்கானலின் தலையில் இன்னொரு பாதிக் கொடைக்கானலைத் தூக்கி வைத்தது போன்ற உயரம். அங்கே ஒரு மரம்கூடக் கிடையாது. புல், புல்லுக்குள் ஊதாப் பூக்கள், வானம் தவறி விழுந்தது போல ஒரு ஏரி, கட்டவிழ்ந்து திரியும் குதிரைகள். கோடைக் காலத்தில் மட்டும் ஆடு மாடுகளோடு மேலே வரும் குடும்பங்கள் யுர்த் என்னும் வட்டமான கம்பளிக் கூடாரங்களில் இருப்பார்கள். அப்படி ஒரு குடும்பத்தின் கூடாரங்களில்தான் எங்களுக்கு இடம் ஏற்பாடு ஆகியிருந்தது.

நாங்கள் இறங்கிய அன்று அங்கே ஒரு விசேஷம். அந்த வீட்டு மருமகள் பெர்மெத்துக்கு நடக்கப் பழகும் வயதில் ஒரு பெண் குழந்தை. எங்கள் கைடு ஐகுல் ஆங்கிலத்தில் விளக்க, நான் தமிழில் சொன்னேன். குழந்தையின் இரண்டு கணுக்காலையும் கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய கம்பளி நூலால் கட்டி நிற்க வைப்பார்களாம். தூரத்திலிருந்து ஓட்டப் பந்தயம். முதலில் வந்து கத்தியைப் பிடிக்கிறவர் அந்த நூலை அறுப்பார். அதன் பிறகு குழந்தை தடுக்காமல் நடக்கும். "அறுத்தவங்க மாதிரியே அந்தக் குழந்தை நடக்கும்னு எங்க நம்பிக்கை" என்றாள் ஐகுல்.

"அப்ப நம்மூரு காதுகுத்து மாதிரி!" என்றார் ராஜாமணி அக்கா. "தாய்மாமன் வந்துருக்காரா?"

வந்திருந்தார். பெர்மெத்தின் அண்ணன் எர்மெக். தலையில் வெள்ளைக் கம்பளித் தொப்பி, முகத்தில் தங்கையின் கல்யாணத்தில் வந்த மனத்தாங்கல். அன்றிலிருந்து தங்கை வீட்டுப்பக்கம் வராதவர், குழந்தைக்காக அன்றுதான் முதன்முதலில் குதிரையேறி வந்திருக்கிறார் என்று ஐகுல் என் காதில் சொன்னாள். பெர்மெத் அவரைப் பார்ப்பதும் கண்ணைத் துடைப்பதுமாக இருந்தாள்.

எங்களையும் பெரிய கூடாரத்துக்குள் அழைத்து உட்கார வைத்தார்கள். பெர்மெத் தேநீர் ஊற்றினாள். எல்லோருக்கும் அரைக் கிண்ணம். அதுவும் சரியான அரைகூட இல்லை. குடித்து முடித்தால் மறுபடி வாங்கி, மறுபடி அரைக் கிண்ணம். ராஜாமணி அக்காவின் முகம் மாறுவதை நான் கடைசி இடத்திலிருந்து பார்த்தேன்.

"பாவம்டி, இல்லாத வீடு போல" என்று பக்கத்திலிருந்த நாத்தனாரிடம் கிசுகிசுத்தார். "அண்ணன் வந்த அன்னைக்கு அரைக் கிளாசு ஊத்துறா புள்ள. நமக்கே மனசு கேக்கல, அவருக்கு எப்படி இருக்கும்?"

குழந்தை அழுதது. பெர்மெத் எழுந்து வெளியே போனாள். ஐகுலும் பஸ் டிரைவர் கூப்பிட்டதால் வெளியே இருந்தாள். அவ்வளவுதான் இடைவெளி. ராஜாமணி அக்கா மூலையில் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீர்க் கலத்தின் குழாயைத் திறந்து தேநீர்க் கெண்டியை நிரப்பிக்கொண்டு, செல்லூரில் தன் வீட்டுப் பந்தியில் பரிமாறுவது போல இடுப்பில் சேலையைச் செருகி, நேராகத் தாய்மாமனிடம் போனார். அவர் கிண்ணத்தில் ஊற்றினார். விளிம்புவரை ஊற்றினார். விளிம்புக்கு மேலும் ஒரு சொட்டு நிற்குமே, அதுவரை ஊற்றினார்.

"நல்லா குடிங்க தம்பி! கூச்சப்படாதீக!"

எர்மெக் கிண்ணத்தைப் பார்த்தார். தங்கையின் கணவரைப் பார்த்தார். அந்த மனிதர் வெலவெலத்துப் போய், என்ன செய்வதென்று தெரியாமல் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்துவிட்டார். எர்மெக் தொப்பியைச் சரி செய்துகொண்டு, எழுந்து வெளியே போனார்.

ஓடி வந்த ஐகுல் தலையில் கை வைத்தாள். "பாண்டீஸு! எங்க ஊருல அரைக் கிண்ணம்தான் மரியாதை. இன்னும் இருங்க, நான் திரும்பத் திரும்ப ஊத்திக் கொடுக்கிறேன்னு அர்த்தம். நிறைய ஊத்தினா, குடிச்சிட்டுக் கிளம்புன்னு அர்த்தம்! மாப்பிள்ளை சொல்லிக் கொடுத்துத்தான் விருந்தாளி ஊத்தினாங்கன்னு எர்மெக் நினைச்சுட்டார்!"

நான் தமிழில் சொன்னேன். ராஜாமணி அக்கா கெண்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். "அய்யய்யோ! நெறைய ஊத்துனா வெளிய போன்னா? எந்த ஊரு நாயம்டி இது? நான் நல்லதுக்குத்தானே ஊத்துனேன்!"

வெளியே எர்மெக் குதிரையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பெர்மெத் குழந்தையை இடுப்பில் வைத்தபடி அழுதுகொண்டிருந்தாள். அவர் அன்று போனால் இனி இந்த வீட்டுக்கு வரமாட்டார். வந்த ஒரு நாளையும் நாங்கள் கெடுத்துவிட்டோம். இதற்கு என்ன முறை? நாயகம் சார் பாஸ்போர்ட் தொலைந்தால் என்ன செய்வதென்று சொல்லியிருக்கிறார், பயணி மயங்கினால் சொல்லியிருக்கிறார். இதற்குச் சொல்லவில்லை. போனில் கேட்கலாம் என்றால் அந்த மலையில் சிக்னலும் இல்லை.

அப்போதுதான் சௌந்தரபாண்டி அண்ணன் எழுந்தார். அந்தப் பயணம் முழுவதும் இல்லாத ஒரு வெளிச்சம் அவர் முகத்தில்.

"ஏப்பா! தாய்மாமன் கோவிச்சுக்கிட்டு சாப்பிடாமப் போறாருடா! பாத்துக்கிட்டு நிக்கிறீக? புடிங்கடா!"

இது அவர்களுக்குத் தெரிந்த வேலை! எத்தனை காதுகுத்து, எத்தனை சடங்கு, எத்தனை கல்யாணம்! மாமன் கோபித்துக்கொண்டு பந்தலைத் தாண்டாத விசேஷம் மதுரைப் பக்கம் உண்டா? செல்லூர்க்காரர்கள் மொத்தமாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். ஒருவர் குதிரைக்கு முன்னால் நின்றார். ஒருவர் கடிவாளத்தைப் பிடித்தார். குதிரை மிரண்டு தும்மியது, அவரும் மிரண்டு தும்மினார். சௌந்தரபாண்டி அண்ணன் எர்மெக்கின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள! தப்பு எங்க மேல. என் பொண்டாட்டிக்கு அளவா ஊத்தத் தெரியாது மாப்ள. இருபத்தஞ்சு வருசமா எனக்கே நெறைய நெறையத்தான் ஊத்துறா. உன் தங்கச்சி அங்க அழுகுது பாரு. மாமன் இல்லாம புள்ளைக்கு நூலை அறுத்தா நல்லாவா இருக்கும்? வாய்யா மாப்ள. நீ வரலேன்னா நானும் சாப்பிட மாட்டேன்."

ஐகுலுக்கு ஆங்கிலத்தில் சொல்ல நான் வாய் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். தேவைப்படவில்லை. கையைப் பிடித்திருந்த விதத்தில் எல்லாம் இருந்தது. ராஜாமணி அக்கா வேறு ஓடி வந்து, ஒரு கிண்ணத்தில் அடிமட்டத்தில் கொஞ்சூண்டு தேநீரை ஊற்றி, "இந்தாங்க தம்பி, இப்ப சரியா? இன்னும் கொறைக்கணுமா?" என்று நீட்டினார். எர்மெக் அந்தக் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். அவர் மீசை ஆடியது. சிரிப்பை அடக்கினார், முடியவில்லை. அந்த ஏரிக்கரையே சிரித்தது. பெர்மெத் அழுகையும் சிரிப்புமாக அண்ணன் தோளில் சாய்ந்தாள்.

ஆனால் திரும்பி வருகிற மாமன் சும்மா வருவாரா? எல்லா ஊர் மாமனும் ஒன்றுதான். அவர் ஒரு நிபந்தனை போட்டார். தேநீரை நிறைத்தவர்கள் பக்கமிருந்து ஒரு பெண் பந்தயத்தில் ஓட வேண்டும். தோற்றால் எல்லோரும் ஆளுக்கு ஒரு பெரிய கிண்ணம் கிமிஸ் குடிக்க வேண்டும். கிமிஸ் என்றால் புளித்த குதிரைப் பால். அது நிறைய, நிறைய ஊற்றப்படும்!

செல்லூர்க்காரர்களின் முகம் வெளுத்தது. ராஜாமணி அக்காவுக்கு முழங்கால் வலி. நாத்தனார் பின்வாங்கினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் வழக்கம் போல எல்லோருக்கும் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"அண்ணே, நான் முன்னாடி போகக் கூடாதுண்ணே. சாரோட ரூல்."

"ஒரு வாரமா எங்க முதுகையே பாத்துக்கிட்டு வந்துருக்கல்ல தாயி? இன்னைக்கு நாங்க உன் முதுகைப் பாக்குறோம். ஓடு!"

பெர்மெத் ஏதோ சொன்னாள். ஐகுல் மெதுவாக எனக்குச் சொன்னாள்: "நீ ஜெயிக்கணும்னு கேட்கிறா. இவ்வளவு தூரம் தனியா வந்த பொண்ணு கையால அறுத்தா, தன் பொண்ணும் அவ்வளவு தூரம் போகும்னு சொல்றா."

இப்போது பஸ் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் காலனி நிறுத்தத்தில் பஸ் நிற்காது. எங்கள் ஆட்கள் நிற்பதைப் பார்த்தால் கொஞ்சம் தள்ளிப் போய் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். ஓடிப் போய் ஏற வேண்டும். பையும் சாப்பாட்டு டப்பாவும் ஆட ஆட, பள்ளிக்கூடத்துக்கும் காலேஜுக்கும் நான் ஓடி ஏறியே படித்தேன். கால் எட்டாத நாளில்கூடக் கையை எட்டிக் கம்பியைப் பிடித்துவிடுவேன். அப்போது அழுகையாக வரும். அன்று ஏரிக்கரையில் அதை நினைத்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினேன். ஐந்தாறு கிர்கிஸ் பெண்கள் என்னோடு நின்றார்கள். குதிரைக்குட்டிகளைப் போல இருந்தார்கள். தூரத்தில் குழந்தை கால் கட்டோடு ஆடியபடி நிற்க, பக்கத்தில் எர்மெக் கத்தியின் கைப்பிடியை எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றார். கைத்தட்டல். ஓடினோம்.

அந்த உயரத்தில் காற்றே இல்லை! நெஞ்சுக்குள் மிளகாய்ப் பொடி. இரண்டு பேர் எனக்கு முன்னால். பின்னாலிருந்து "பாண்டீஸு! பாண்டீஸு!" என்று மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் அளவுக்குச் சத்தம். ஒருத்தியைத் தாண்டினேன். சிவப்புப் பாவாடை போட்ட இன்னொருத்தி மட்டும் எட்டிப்பிடிக்க முடியாமல் ஒரு முழம் முன்னால். அவள் காலைத் தாண்ட என் காலால் ஆகாது என்று தெரிந்துபோனது. எர்மெக்கின் கையிலிருந்த கத்தியின் பிடி பளபளத்தது, பஸ்ஸின் பின்படிக் கம்பியைப் போல.

தாவினேன். கையை எட்டினேன். பிடித்துவிட்டேன்!

சிவப்புப் பாவாடை என் மேல் விழ, நான் எர்மெக்கின் மேல் விழ, மூவரும் புல்லில் உருண்டோம். கத்தி மட்டும் தலைக்கு மேல் தூக்கிய என் கையில் இருந்தது. மூச்சு வந்ததும் மண்டியிட்டு, அந்தக் கறுப்பு வெள்ளை நூலை அறுத்தேன். குழந்தை கீழே பார்த்தது, என்னைப் பார்த்தது. பிறகு ஒரு அடி, இன்னொரு அடி, தள்ளாடித் தள்ளாடி நேராகப் போய் மாமன் மடியில் விழுந்தது. ராஜாமணி அக்கா குலவை போட்டார். செல்லூர்ப் பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். குதிரைகள் காதை நிமிர்த்தின. கிர்கிஸ் பெண்கள் முதலில் திகைத்து, பிறகு நாக்கைச் சுழற்றிப் பழக ஆரம்பித்தார்கள். ஜெயித்த சந்தோஷத்தில் எல்லோரும் கிமிஸையும் குடித்தார்கள் என்பது வேறு கதை.

மதுரை விமான நிலையத்துக்கு நாயகம் சார் நேரில் வந்திருந்தார். நான் ஓடியதை யாரோ எடுத்த வீடியோ எங்களுக்கு முன்பே அவர் போனுக்கு வந்து சேர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் மென்மையாகக் கேட்டார்:

"சாப்பிட்டியாம்மா?"

நான் மனசுக்குள் தப்பைத் தேட ஆரம்பித்தேன். அவர் தொடர்ந்தார்: "நீ முன்னாடி ஓடுன. சரி. அப்ப கடைசியா யாரு நின்னா?"

"நான் நின்னேன் சார்" என்றார் சௌந்தரபாண்டி அண்ணன், பெட்டியைத் தள்ளியபடி. "பாண்டீஸு ஓடுதேன்னு நான் பின்னாடி போய் நின்னுக்கிட்டேன். ஒரு ஆளு கொறையல."

சார் அவரைப் பார்த்தார். "ஊரு எப்படிண்ணே இருந்துச்சு?"

என் நாற்காலி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"அடுத்த வருசம் என் மச்சானையும் கூட்டிக்கிட்டுப் போகணும் சார். பேசி ரொம்ப நாளாச்சு. கோவிச்சுக்கிட்டுக் கெளம்ப அங்க நல்ல குதிரையெல்லாம் இருக்கு."

சார் என் பக்கம் திரும்பினார். "வா, சாப்பிடப் போகலாம்" என்றார். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியத்தை ஆபீஸில் யாரும் அதுவரை கேட்டதில்லை.

அதன் பிறகு எத்தனையோ முறை அங்கே போய்விட்டேன். இனி போக முடியாது என்று சென்ற வாரம் ஐகுலுக்குச் சொன்னேன். உடனே ஒரு வீடியோ வந்தது. பெர்மெத் எடுத்தது. குளிர்காலத்தில் அவர்கள் இறங்கி வரும் கிராமம், பனி, பள்ளிக்கூட வேன். அந்தக் குழந்தை இப்போது பையை மாட்டிக்கொண்டு நிற்கிற பெண். சின்னப் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தள்ளி ஏற்றிவிடுகிறாள். கையுறையைத் தொலைத்த ஒரு பையனைத் தேடிப் பிடித்து ஏற்றுகிறாள். எல்லோரும் ஏறியாயிற்றா என்று திரும்பிப் பார்க்கிறாள். அதற்குள் வேன் நகர்ந்துவிட்டது. அவள் ஓடுகிறாள், சிரித்துக்கொண்டே, கையை நீட்டிக் கம்பியைப் பிடிக்கிறாள்.

"எப்பவும் கடைசியாத்தான் ஏறுவா. எவ்வளவு சொன்னாலும் கேட்க மாட்டேங்கிறா. இது யார் நடைன்னு எங்களுக்குத் தெரியும்" என்று பெர்மெத் சொன்னதாக ஐகுல் எழுதியிருந்தாள்.

நான் வீட்டுக்குள் போனைப் பிடித்துக்கொண்டு தனியாகக் கத்திக்கொண்டிருந்தேன்:

"ஏய், பாத்து ஏறுடி!"